குமிழிகள் நின்றபோது

பட்டாணி என்பது அவளுடைய செல்லப் பெயர். ஓர் இடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பாள் என்பதால் அப்படி ஆயிற்று.

அவளுடைய அம்மா கடலோரத்தை ஆராய்பவள். கடற்கரைத் தெருவில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம்தான் ஆய்வுக்கூடம். உள்ளே வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். அவற்றில், மிளகைவிடச் சின்னதாகச் சிப்பிக் குஞ்சுகள், பழைய சிப்பி ஓட்டுத் துண்டுகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வளர்ந்தன.

"இத்தனூண்டு சிப்பியை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று பட்டாணி ஒருநாள் கேட்டாள்.

அம்மாவோடு வேலை பார்ப்பவரைத் தெருவே சிப்பி மாமா என்றுதான் கூப்பிடும். அவர் சிரித்தார். "போன புயல்ல கடல் வந்து நம்ம தெருவுல பாதியைத் தின்னுட்டுப் போச்சுல்ல? இதுங்களைக் கரையோரமா விட்டா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுச் சுவர் மாதிரி வளரும். அலையோட வேகத்தைக் குறைச்சிடும்."

"இந்தக் குமிழி எதுக்கு?"

"அதுதான் இதுங்களுக்கு மூச்சு."

தெருவில் எல்லாருக்கும் சிப்பிகளைப் பிடிக்கும், மாடியில் இருந்த ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டரைத் தவிர. "இது வீடா, மீன் மார்க்கெட்டா?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டேதான் படியேறுவார்.

அன்று பள்ளி விடுமுறை. அம்மாவும் சிப்பி மாமாவும் கரையை அளப்பதற்காகப் படகில் போயிருந்தார்கள். பக்கத்துக் கடைத் தையல்கார அக்காவின் பார்வையில் பட்டாணி ஆய்வுக்கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

திடீரென்று மின்சாரம் போனது. குமிழி விடும் மோட்டார் பேட்டரியில் கொஞ்ச நேரம் முனகியது. பிறகு அதுவும் படுத்துவிட்டது. தொட்டிகளில் குமிழிகள் நின்றன.

பட்டாணி அம்மாவுக்குப் போன் செய்தாள். கிடைக்கவில்லை. மறுபடி செய்தாள். ம்ஹூம்.

"கம்பி அறுந்து கிடக்காம் கண்ணு. சாயங்காலம்தான் கரண்ட் வருமாம்" என்றாள் வாசலில் எட்டிப் பார்த்த தையல்கார அக்கா.

"அதுவரைக்கும் இதுங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டா இருக்கும்?"

பட்டாணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அம்மா தினமும் தனக்குப் பால் ஆற்றிக் கொடுப்பது நினைவுக்கு வந்தது. உயரத்திலிருந்து ஊற்றினால் எவ்வளவு நுரை வரும்!

ஒரு மக்கை எடுத்தாள். ஸ்டூலில் ஏறி, தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத் தூக்கி ஊற்றினாள். சளசளவென்று குமிழிகள் கிளம்பின!

ஆனால் அவளுக்கு இருப்பது இரண்டே கைகள். தொட்டிகளோ சுவர் நெடுக. வாசலுக்கு ஓடி, பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினாள்.

"சிப்பிக்கெல்லாம் மூச்சுத் திணறுது! மக்கு எடுத்துக்கிட்டு ஓடி வாங்க!"

விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனாலும் வந்தார்கள். தையல்கார அக்கா மிஷினை மூடிவிட்டு ஒரு சொம்போடு வந்தாள். ஆய்வுக்கூடமே அருவி போலச் சலசலத்தது.

"என்ன இங்க கூத்து?" கதவருகே கண்டக்டர் தாத்தா. எல்லார் மக்கும் அந்தரத்தில் நின்றது.

"தாத்தா, எனக்குக் கை வலிக்குது. கொஞ்ச நேரம் நீங்க ஊத்துறீங்களா?" என்றாள் பட்டாணி.

அவர் குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். "இந்தப் பொடிசுங்களா நம்ம தெருவைக் காப்பாத்தப் போகுது?"

"உயிரோட இருந்தா காப்பாத்தும் தாத்தா."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு மக்கை வாங்கினார். அடுத்த நிமிடமே பழைய குரல் வந்துவிட்டது.

"எல்லாரும் முன்னாடியே நின்னா எப்படி? பின்னாடி தொட்டிப் பக்கமெல்லாம் ஆளில்லாம காலியாத்தானே கிடக்கு? உள்ள போ, உள்ள போ!"

அம்மாவும் சிப்பி மாமாவும் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. விஷயம் கேள்விப்பட்டு மூச்சிரைக்க ஓடி வந்தவர்கள், வாசலிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே தெருவே தலைமுதல் கால்வரை நனைந்துபோய் நின்றது.

சிப்பி மாமா பூதக்கண்ணாடியைத் தொட்டியின் மேல் வைத்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"வாயைத் திறந்து மூடுதுங்க. நல்லா இருக்குதுங்க!"

அம்மா ஒவ்வொருவராகப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். உப்புத் தண்ணீரில் ஊறி எல்லார் விரலும் சுருங்கியிருந்தது. கண்டக்டரிடம் வந்ததும் தயங்கினாள். "ஐயா, உங்களுக்கு இந்த வாடையே ஆகாதே..."

"மூக்கைப் பிடிக்கக் கை ஒழிஞ்சாத்தானேம்மா!"

அம்மா சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் பட்டாணியை அணைத்துக்கொண்டாள். "உனக்கு எப்படிடி நன்றி சொல்றது?"

"முதல்ல இதைப் பிடிங்கம்மா" என்று பட்டாணி மக்கை அம்மாவின் கையில் கொடுத்தாள். "தோள்பட்டை கழண்டுடும் போலிருக்கு."

அம்மாவும் ஊற்றினாள். விளக்கு எரிந்து மோட்டார் ஓடத் தொடங்கியபோது கூடமே கைதட்டியது. ஆனாலும் வீட்டுக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை. தொட்டிகளைச் சுற்றி நின்று, தங்கள் வீட்டுப் பிள்ளை தூங்குவதைப் பார்ப்பதுபோல், எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.