குட்டியின் அழைப்பு

உள்ளறையில் பாப்பா வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. சமையலறையிலோ குழாய்த் தண்ணீரின் இரைச்சலும் பாத்திரம் தேய்க்கும் சத்தமும் சோப்பு வாசனையோடு ஒரே சீராக, ஒரு கணமும் தடைபடாமல் வந்துகொண்டிருந்தன. செருப்பைக் கழற்றப் போனவன் அப்படியே நின்றான். பாப்பா சிணுங்கினாலே நுரை வழியும் கையோடு ஓடுபவள் அவன் மனைவி.

எலிக்குட்டியின் அழைப்பு மனிதக் காதுக்கு எட்டாது. தாய்க்கு எட்டும். எட்டியதும் அதன் மூளையில் ஒரு ரசாயனம் சுரக்கும். பூட்டில் சாவி பொருந்துவதுபோல நரம்பணுக்களில் பொருந்தும். யோசிப்பதற்கு முன்பே கால்கள் குட்டியை நோக்கி ஓடும். குட்டிகளைப் பறிகொடுத்த தாயோ நகம் தேயக் கூண்டின் மூலையைப் பிராண்டும். அவன் கண்டுபிடித்த மருந்து அந்தப் பூட்டை அடைத்துவிடும். பிராண்டல் நின்றுவிடும். "மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி தூங்குதுங்க சார்," என்று ஆய்வக உதவியாளர் சிரித்திருந்தார்.

மூத்த மகள் காய்ச்சலில் போனபின் மனைவியும் பிராண்டிக்கொண்டுதான் இருந்தாள். அலமாரிக்குள், கட்டிலுக்கடியில், குழந்தையின் பழைய சட்டைகளுக்குள் தேடுவாள். பார்க்கச் சகிக்காமல், அவளிடம் சொல்லாமலே, அவள் குடிக்கும் பாலில் மருந்தைக் கலக்கத் தொடங்கினான். தேடல் நின்றது. தூங்கினாள்.

சோதனை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக, எல்லாக் குட்டிகளையும் எடுத்த பிறகே தாய்க்கு மருந்து கொடுப்பான். ஒரு குட்டி மிஞ்சினால் என்னாகும் என்று அவன் பார்த்ததே இல்லை. இன்று பார்த்தான். கூண்டின் மரத்தூளுக்கடியில் தவறி விடுபட்ட ஒன்று விறைத்துக் கிடந்தது. தாய் அதன்மேல் மிதித்து நடந்து, தண்ணீர் குடிக்கப் போனது. போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடிவந்தான்.

"பாப்பா அழுவுது," என்றான்.

பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பதுபோல அவள் காதைச் சாய்த்தாள். "ஆமாங்க. காலையிலேருந்து அழுவுது."

"பால் குடுத்தியா?"

"இறங்கலைங்க."

பாலை இறக்குவதும் அதே ரசாயனம்தான். அவனுக்குத் தெரியாததா?

களைத்து வந்திருக்கிறீர்கள், உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்தான். அவளும் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தினமும் அவள் தன் பால் டம்ளரிலிருந்து பாதியை அவனுக்கு ஊற்றுவாள். நீங்களும்தானே தூங்கவில்லை என்பாள். மறுத்தால் சந்தேகம் வரும். ஆணின் மூளையில் இந்த மருந்துக்கு வேலை குறைவு என்று கணக்குப் போட்டு, குடித்துவந்தான்.

எழ வேண்டும். பால்மாவு கலக்க வேண்டும். எல்லாம் தெரிகிறது. கால் அசையவில்லை. வழியெல்லாம் நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்த பயத்தைத் தேடினான். இல்லை.

"ஏங்க, நான் யாரையோ தேடிக்கிட்டிருந்தேன்ல. யாருங்க அது?"

பதில் அவனுக்குத் தெரிந்தது. சொன்னான். வலிக்கவில்லை.

"ஓ," என்றாள்.

அழுகை தேய்ந்தது. விக்கல். பிறகு அதுவும் இல்லை.

திறந்த கதவு வழியே தொட்டில் தெரிந்தது. அதன் கம்பிகளுக்கிடையில் ஒரு சின்னக் கை நீண்டு, காற்றைப் பிடித்தது. விட்டது. பிடித்தது. இருவரும் அருகருகே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.