அரியாயியின் வெட்டு

ஏழாம் நம்பர் மலைக்கு அந்த லாரி வந்தபோது காலை பத்து மணி. ரப்பர் மரங்களில் கோடு வெட்டி முடிந்து பெண்கள் பால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். லாரியில் இருபது தகரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மண்டையோடு. எனக்கு எழுத்து தெரியாது. மண்டையோடு தெரியும்.

பால்மரம் போதும், இனி எண்ணெய் எடுக்கிற செம்பனைதான் என்று லண்டன் கம்பெனி முடிவு செய்திருந்தது. பட்டையைச் சுற்றிலும் ஒரு முழம் உரித்து, தகரத்தில் இருக்கிற மருந்தைப் பூசினால் மரம் நின்றபடியே சாகும். கருப்பட்டிப் பாகு மாதிரி மருந்து.

நான் அங்கே தண்டல். ஆள் மேய்க்கிற வேலை. பேய் பிசாசை நம்பியவனில்லை. சாமியாடிகளையும் நம்பியதில்லை, கள் உள்ளே போனால்தான் அவர்களுக்குச் சாமி வரும். கம்பெனியையும் நம்பவில்லை. ஆனால் கம்பெனி சொன்னதைச் செய்தேன்.

அரியாயிக்கு அந்த மலை உச்சியில் ஒரு நிரை. இருபத்திரண்டு வருஷமாக அதே மரங்கள். பால் வெட்டுகிற ஒவ்வொரு கைக்கும் ஒரு அடையாளம் உண்டு. தண்டலுக்கு அது முகம் மாதிரி. அரியாயி கோட்டின் முடிவில் கத்தியை ஒரு சுழி சுழித்து எடுப்பாள். தூண்டில்முள் போல ஒரு சின்ன வளைவு. வேறு யாருக்கும் அது வராது.

சாகடிக்கப்போகிற மரத்தைக் கடைசி ரெண்டு மாசம் கண்டபடி வெட்டச் சொல்வது கம்பெனி வழக்கம். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, தினமும் வெட்டு, எலும்பு தெரிந்தாலும் வெட்டு. அரியாயி மட்டும் மாட்டேன் என்றாள். எப்போதும்போல ஒருநாள் விட்டு ஒருநாள், பட்டைக்கு வலிக்காமல் ஒரே கோடு.

விஷம் பூசவும் அவளைத்தான் அவள் நிரைக்கு அனுப்பினேன்.

"ஏன் தண்டலு, பால் குடுத்த மரத்துக்கு என் கையாலயே கொள்ளி வைக்கணுமா? உங்க தொர வந்து பூசினா என்ன, வெள்ளக் கை கறுத்துருமா?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"வாயாடாம பூசு. அப்புறமா கைய கழுவிக்க" என்றேன்.

மூன்றாம் நாள் ஆட்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக வாளி போதவில்லை. தோட்ட மேனேஜர் ஹேலிங் துரை காலித் தகரங்களைப் பிரம்பால் காட்டினார்.

"கழுவு. தண்ணி எடு. சீக்கிரம்."

"தொரே, மண்டையோடு போட்டிருக்குங்க."

"நீ டாக்டர்? கழுவு!"

ஓடையில் ரெண்டு தரம் அலசினேன். நானே நிரப்பினேன். உச்சி நிரைக்கு முதல் தகரம் போனது.

மத்தியானம் அரியாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரி டிரசர் மலையேறி வருவதற்குள் அவள் கண் சொருகிவிட்டது. கடைசியாக என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"தண்டலு, என்ன தண்ணி குடுத்த?"

மறுநாள் போலீஸ் வந்தது. அதற்கு முன்னால் துரை என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டார். "அவ தானா குடிச்சா. நீ பாத்த. சரியா?"

சரி என்றேன். போலீஸ் நீட்டிய காகிதத்தில் இடது கட்டைவிரலை அழுத்தினேன்.

அவள் மகள் பவுனு லயத்து வீட்டு வாசலில் என்னை மறித்தாள். "எங்கம்மா அப்படிப்பட்டவளா மாமா? தானாவா குடிச்சிச்சு?" நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

நாற்பது நாளில் மலை காய்ந்தது. ஓர் இலை இல்லை. மரம் செத்ததா என்று பார்க்க, வெயில் ஏறிய பிறகு துரையும் நானும் உச்சி நிரைக்குப் போனோம். காற்றில்லை. குருவிச் சத்தமில்லை.

புதுப்பால் வாசனை மட்டும் வந்தது.

முதல் மரத்தில் ஈரமான கோடு. பால் பிடிக்கிற மங்குகளை எல்லாம் என்றைக்கோ பொறுக்கிவிட்டோம். ஆனால் அந்த மரத்தடியில் ஒரு மங்கு இருந்தது, நிறையப் பாலோடு. செத்த மரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரு வெட்டினது?" என்றார் துரை.

கோட்டின் முடிவைப் பார்த்தேன்.

சின்ன வளைவு.

அதைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் பால் ஒட்டிக்கொண்டது.

மேலே எங்கேயோ கத்தி பட்டையைச் சீவும் சத்தம். சர்ர். ஒரு மரம். சர்ர். அடுத்த மரம். நிதானமாக, நிரை பிசகாமல், எங்களை நோக்கி இறங்கி வந்தது.

"யாரு அங்க?"

சத்தம் நின்றது.

துரையின் முதுகுக்குப் பின்னால் இருந்த மரத்தில் நின்றது.

ஒரு வாரம் கழித்து டிரசர் என்னைப் பங்களாவுக்கு இழுத்துப்போனார். துரை சட்டையில்லாமல் நாற்காலியில் கவிழ்ந்திருந்தார். முதுகெல்லாம் சாய்ந்த கோடுகள். மேலே, கீழே, குறுக்கே. சில இடத்தில் எலும்பு தெரிந்தது. ரத்தம் இல்லை. வெள்ளையாக வடிந்தது.

நாற்காலிக் காலடியில் ஒரு மங்கு.

"தினமும் புதுசு புதுசா வருது. கதவ சாத்தி, பக்கத்துலயே உக்காந்திருந்தேன். யாரும் வரல தண்டலு" என்று டிரசர் காதோடு சொன்னார்.

துரை தலையைத் தூக்கினார். "தண்டல்... நீ சொன்னா கேப்பா. வெட்டு போதும், சொல்லு. சொல்லு அவகிட்ட!"

இருபத்திரண்டு வருஷம் நான் சொன்ன எதை அவள் கேட்டிருக்கிறாள்?

அவரைப் பினாங்கில் கப்பலேற்றினார்கள். கரை மறைவதற்குள் செத்துவிட்டாராம். தூக்கியவர்கள், உடம்பு காய்ந்த கட்டை மாதிரி லேசாக இருந்தது என்றார்கள்.

அந்த வாரமே எனக்கும் ஆரம்பித்தது. இடது கட்டைவிரலில் ஒரு கோடு. முடிவில் ஒரு சுழி. கொஞ்சம் வெள்ளையாகக் கசிந்து, வெயில் ஏறினால் காய்ந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள், முதல் கோட்டுக்குக் கீழே மயிரிழை தள்ளி அடுத்தது.

ஒரு மாசம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் பவுனுவிடம் போனேன். தகரம், ஓடை, காகிதம் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். பவுனு அழவில்லை.

"இத எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க? எங்கம்மா எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியும். போலீஸ்ல விரல் வச்சீங்கல்ல? அங்க போயி சொல்லுங்க."

ஸ்டேஷன் வாசல்வரை போனேன். பயந்து திரும்பிவிட்டேன். இப்போது அந்தப் போலீஸ்காரனும் இல்லை, கம்பெனியும் கைமாறிவிட்டது. நடந்ததற்குச் சாட்சி என்று மிச்சம் நான் ஒருவன்தான்.

முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. ஏழாம் நம்பர் மலையில் செம்பனையும் கிழடாகிவிட்டது. கோடு கட்டைவிரலில் தொடங்கி முழங்கைவரை வந்தது. அதற்குள் விரலில் புதுத்தோல் மூடியிருந்தது.

புதுப்பட்டை வளர்ந்தால் அதில் மறுபடியும் வெட்டலாம். பால்மரக்காட்டில் இது தெரியாதவர் இல்லை.

துரையைச் சாகப்போகிற மரம் மாதிரி வெட்டித் தீர்த்தாள். என்னை அப்படிச் செய்யவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள். எலும்பு தெரியாமல், ஒரே கோடு. நல்ல மரத்தை எப்படிக் காப்பாற்றுவாளோ அப்படி.

நேற்று வெட்டில்லாத நாள்.

இன்று விடிந்து கண் விழித்தபோது கட்டைவிரல் ஈரமாக இருந்தது. கட்டிலுக்கு அடியில், என் பால் பிடிக்கிற மங்கு ஒன்றை நேற்றுக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

யாரோ நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள்.