குனிந்தால் நிற்கும் உலகம்

செவ்வாய்க் கோளில் கண் விழித்ததும் எல்லாரும் செய்யும் முதல் வேலை, எந்தப் பக்கம் மேலே என்று காதைக் கேட்பதுதான். அங்குள்ள ஈர்ப்பு மனிதக் காதுக்குப் போதாது. அதனால் ஒவ்வொருவர் காதெலும்பிலும் மிளகளவு அசைவுணரி ஒன்றைப் பதித்திருந்தார்கள். உணரி சொல்வதை மூளைக்குப் புரியும்படி மாற்றித் தரும் சிறு மென்பொருளுக்கு இயக்கி என்று பெயர்.

ஒருநாள் குடியிருப்பின் பொது மென்பொருளைப் புதுப்பித்தபோது பழைய உணரிகளின் இயக்கிகள் அழிந்துபோயின. வழங்கல் அதிகாரி தில்லைநாயகத்தை இரண்டு பேர் தூக்கிவந்து பழுதுபார்க்கும் கூடத்தில் உட்காரவைத்தார்கள். அவருக்கு அறையே சுழன்றது.

அங்கே வேலை பார்த்தவள் பொற்கொடி. ஆறு வருடங்களுக்கு முன் அவள் தம்பி மாறனுக்கும் இதே கோளாறு வந்தது. மாற்று இயக்கி தில்லைநாயகத்தின் அலுவலகத்தில்தான் இருந்தது. மூன்று நாள் போய் நின்றாள். நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தபடியே, விண்ணப்பம் உரிய படிவத்தில் இல்லை என்று திருப்பி அனுப்பினார். விடுப்பு தீர்ந்துபோனதால் நான்காம் நாள் மாறன் தலைசுற்றலோடே கோபுர வேலைக்கு ஏறினான். விழுந்து முதுகெலும்பு நொறுங்கியது. இன்றும் படுக்கையில்தான் கிடக்கிறான்.

“சீக்கிரம் போடும்மா,” என்றார் தில்லைநாயகம். அவளை அவருக்கு நினைவே இல்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

இயக்கியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும், அவர் படியில் உருண்டு செத்துவிடுவார். ஆனால் சாவு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அவளுக்கு அது போதாது. மேல்கீழ், முன்பின் என்ற இரண்டு அச்சுகளை இடம் மாற்றி இயக்கியை ஏற்றினாள். நிமிர்ந்தால் தலைகுப்புற விழுவதுபோல் இருக்கும். இடுப்பை வளைத்தால் மட்டுமே உலகம் நிற்கும்.

அவர் எழுந்தார், தள்ளாடினார், குனிந்த பிறகுதான் நிலைக்கு வந்தார். “குனிஞ்சாத்தாம்மா நிக்க முடியுது.”

“பழைய உணரி சார். இனிமே இப்படித்தான். பழகிக்கிடுங்க.”

வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் சொன்னாள். வெகுநாள் கழித்து அவன் அன்று வயிறாரச் சாப்பிட்டான்.

ஊர் சிரிக்கும் என்று பொற்கொடி காத்திருந்தாள். அடுத்த வாரம் ஆளுநர் பார்வையிட வந்தார். அதிகாரிகள் எல்லாரும் வணங்கிவிட்டு நிமிர்ந்துகொள்ள, தில்லைநாயகம் மட்டும் மூக்கு முழங்காலைத் தொடுமளவு வளைந்தே நின்றார். ஆளுநர் உருகிப்போனார். இப்படி ஒரு பணிவைத் தாம் கண்டதில்லை என்று சபையிலேயே சொன்னார். மாதம் முடிவதற்குள் தில்லைநாயகம் துணை ஆளுநரானார். வளைந்த வாக்கிலேயே முன்போல் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பினார். அவ்வளவு பெரிய பதவியிலும் அகந்தை இல்லாத மனிதர் என்று ஊர் மெச்சியது.

பொற்கொடிக்குத் தூக்கம் போயிற்று. சரியான இயக்கி வந்துவிட்டது, உடனே வரவும் என்று அவருக்குச் செய்தி அனுப்பினாள். வேண்டாம் என்று பதில் வந்தது.

மறுநாள் காலை கூடத்தைத் திறந்தபோது வாசலில் நீண்ட வரிசை. அத்தனை பேரும் துறைத் தலைவர்கள். ஒருவர் உணரியிலும் கோளாறு இல்லை. முதலில் நின்றவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“துணை ஆளுநருக்குப் போட்டீங்களேம்மா, அதே இயக்கி எனக்கும் வேணும். அவரைவிட ஒரு சாண் கூடுதலா குனியற மாதிரி போட முடியுமா?”