வலிக்குதா என்று கேட்டவன்

"ஐயோ, முதுகை வளைக்காதீங்க... முழங்காலை மடக்குங்க!"

குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பிப் பார்க்கிற நிலையிலா இருந்தாள் அவள்? ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கம் அவள் கையில், கால்பக்கம் ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன் கையில். நடுவில் நெஞ்சைப் பிடித்தபடி நூறு கிலோ பெரியவர் ஒருவர். மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. படிக்கட்டு ஜன்னல் வழியாக மழை சாரலாக அடித்துக்கொண்டிருந்தது.

"பாடம் எடுக்கறதா இருந்தா இன்னொரு நாள் வாங்க சார். இப்ப ஒரு கை பிடிங்க!"

பிடித்தான். கண்ணாடி போட்ட நெட்டை மனிதன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் இடுப்பில் சுரீரென்று ஒரு மின்னல்... உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் பார்த்துவிட்டான்.

கீழே பெரியவரை வண்டியில் ஏற்றியதும் கேட்டான். "வலிக்குதா?"

"அவருக்கா? மாத்திரை குடுத்தாச்சு."

"உங்களைக் கேட்டேன்."

மழைத்துளி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள்... ஆறு வருடமாக ஊரையெல்லாம் அவள்தான் இந்தக் கேள்வி கேட்டிருக்கிறாள். அவளை யாரும் கேட்டதில்லை. வண்டிக் கதவைப் படாரென்று சாத்தினாள்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். அந்தக் கண்கள்தான் அவளை விடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு உடல் பரிசோதனை. அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். புதிதாகச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் நாற்காலியில் அதே நெட்டை!

"இன்னொரு நாள் வரச் சொன்னீங்க. வந்துட்டேன்," என்றான். "குனிஞ்சு கால் விரலைத் தொடுங்க."

தொட்டாள். சிரித்தும் காட்டினாள்.

"சரி... சிரிக்கும்போது ஏன் கண்ணுல தண்ணி வருது?"

"ஆனந்தக் கண்ணீர் டாக்டர்."

அவன் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தான். "மூணு வாரம் எதையும் தூக்கக் கூடாது. ரேடியோ அறையில உட்காருங்க. தினமும் நாலு மணிக்கு இங்க பயிற்சி."

அவளுக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. வேலையில் சேர்ந்த அன்று, 'பொண்ணு எப்படித் தூக்கும்?' என்று முணுமுணுத்தவர்கள் எத்தனை பேர்! அத்தனை வாயையும் தூக்கித் தூக்கியே அடைத்தவள் அவள். அதை ஒரே காகிதத்தில் கவிழ்த்துவிட்டானே, பாவி!

பயிற்சிக்குப் போனாள். ஆனால் பேசவில்லை.

"இப்ப பரவாயில்லையா?"

"ம்."

"இங்க அழுத்தினா?"

"ம்."

"என் மேல கோபமா?"

"ம்ம்ம்!"

ஐந்தாவது நாள் அவள் பயிற்சியின் நடுவில் டிரைவர் அண்ணன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைத் தூக்கினார். இடுப்பைச் சுற்றி அகலமான பெல்ட்.

"நாலு வருஷமா இருக்கு டாக்டர். பொம்பளப் பிள்ளை அதுவே ஒண்ணும் சொல்லாம தூக்குது... நான் எப்படிச் சொல்றதுன்னு..."

"அடப் போங்கண்ணே! நீங்க சொல்லலையேன்னுதானே நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் இரண்டு பேருக்கும் இடுப்பு வலித்தது. அதை நினைத்து இன்னும் சிரித்தார்கள்.

அந்த வாரமே பிசியோதெரபி அறை வாசலில் வரிசை. பதினாலு பேரில் ஒன்பது பேருக்கு முதுகுவலி, எல்லாரும் மறைத்தவர்கள். அவன் மேலதிகாரியின் அறைக்குப் போனான், மறுநாளும் போனான், அவர் பார்க்காமல் இருக்க முடியாத அளவுக்குப் போனான். இரண்டாவது வாரம் முடிவதற்குள், படிகளில் ஆளைத் தூக்காமல் உருட்டி இறக்கும் நாற்காலிகள் வந்து சேர்ந்தன. கனமான நோயாளி என்றால் கூட ஒரு வண்டி போக வேண்டும் என்று உத்தரவும் வந்தது. அந்த உத்தரவை ரேடியோவில் முதன்முதலாகச் சொன்னது அவள்தான். ஒரு தடவை போதாதென்று இரண்டு தடவை சொன்னாள்.

கோபம் எப்போது கரைந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நாலு மணிக்கு முன்பே கண் கடிகாரத்துக்குப் போவது மட்டும் தெரிந்தது...

மூன்றாவது வாரக் கடைசி நாள். வெளியே பூத்தூறல். அவள் உள்ளே வந்தபோது அவன் எழுந்து நின்றான். நெற்றியில் வியர்வை.

"உங்களை இன்னைக்கு வேற டாக்டர் பார்ப்பாங்க. பக்கத்து அறையில இருக்காங்க."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. "ஏன்? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. என்கிட்ட வைத்தியம் பாக்கறவங்ககிட்ட நான் சொல்லக் கூடாத ஒரு விஷயம் இருக்கு... அதை உங்ககிட்ட சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னைக்குப் படிக்கட்டுல உதட்டைக் கடிச்சீங்களே... அப்பவே பிடிச்சுப் போச்சு. உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா விட்டுடுங்க, மறுபடி பேசவே மாட்டேன்."

மழை ஜன்னலில் கோடு கோடாக வழிந்தது. அவள் தரையைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். கடைசியில் அவனைப் பார்த்தாள்.

"நானும் ஒரு பொய்யை ஒத்துக்கணும்."

"இன்னும் வலிக்குதா?" பதறிப்போனான்.

"இல்ல டாக்டர்... பத்து நாளா வலியே இல்ல. சொன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிடுவீங்களேன்னு..."