டேப் சிக்கிய இடம்

பெட்டியில் துணி கொஞ்சம், பல்ப் நிறைய. எந்த ஊருக்குப் போனாலும் அவன் அப்படித்தான் போவான்.

பழைய வீட்டின் பூட்டைத் திறந்ததும் முதல் வேலையாக நாற்காலி போட்டு ஏறினான். கூடம், நடை, படுக்கையறை என்று வரிசையாக மாட்டிக்கொண்டே போனான். கீழே நின்று பல்பை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள் அவன் மகள். ஐந்து வயது, கூப்பிடுவது வாண்டு என்று. மனிதர்கள் எங்கே போனாலும் செருப்பைக் கழற்றியதும் பல்ப் மாட்டுவார்கள் என்று நம்பி வளரும் பிள்ளை.

"வீட்டைக் காலி பண்ண வந்தியா, கடை திறக்க வந்தியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் அக்கா.

அம்மா நிரந்தரமாக அக்கா வீட்டோடு போய்விட்டதால் இந்த வீட்டை ஒப்படைக்க வேண்டியிருந்தது. சாமான்களைப் பிரித்துக் கட்டத்தான் அக்காவும் தம்பியும் வந்திருந்தார்கள். அவன் மனைவி அலுவலக வேலையாக வெளியூரில் இருந்ததால் வாண்டும் ஒட்டிக்கொண்டாள்.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிணவறைக்கு யார் போவது என்று மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு முணுமுணுப்பாய்ப் பாட்டு வேறு பாடியபடி கிளம்பிவிடுவாள். தம்பி வைத்திருந்தது விளக்குக் கடை. வியாபார ஆசையெல்லாம் இல்லை. உலகத்திலேயே அதிக வெளிச்சமுள்ள வேலை எது என்று யோசித்துத் தேர்ந்தெடுத்தது. அவன் வீட்டில் ராத்திரியிலும் விளக்கு அணையாது. தூக்கம் வராத எதிர் வீட்டுக்காரர் தன் பால்கனியில் உட்கார்ந்து இவன் வீட்டு வெளிச்சத்தில் பேப்பர் படிப்பார். பல நாள் நன்றியும் சொல்லியிருக்கிறார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பரணில் ஏறிய அக்கா, தூசியைத் தட்டி ஒரு கறுப்புப் பெட்டியை இறக்கினாள்.

"இங்க பாருடா. நம்ம வீடியோ டெக்."

அவன் இரண்டடி பின்னால் போனான்.

அவனுக்கு அப்போது ஏழு வயது, அக்காவுக்குப் பதினொன்று. பெரியவர்கள் வெளியே போயிருந்த ஒரு மழைநாள் மதியம். வாடகைக்கு எடுத்து, திருப்பிக் கொடுக்காமல் கிடந்த ஒரு கேசட்டை அக்கா உள்ளே தள்ளினாள். என்ன படம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒருவன் ஓர் ஆளில்லாத வீட்டுக்குள் நுழைவான். உள் அறையில் ஒரு பெண் சுவரைப் பார்த்து நின்று தலை பின்னிக்கொண்டிருப்பாள். முதுகு மட்டும் தெரியும். ஈரக் கூந்தல். பின்னல் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், முடியவே முடியாது. அவன் கூப்பிடுவான். பின்னுகிற கை நிற்கும். அவள் மெல்லத் திரும்பத் தொடங்குவாள்.

அந்த இடத்தில் டெக் டேப்பைத் தின்றது.

சர்ரென்று ஒரு சத்தம். சூடான பிளாஸ்டிக் வாசம். திரையில் அந்த முதுகு உறைந்துபோய், வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே நின்றது. அப்பா வந்து கத்தரிக்கோலால் டேப்பை வெட்டி எடுக்கும்வரை அப்படியே நின்றது. வெட்டி எடுத்த பிறகும் தம்பியைப் பொறுத்தவரை அது போகவில்லை.

"முதுகுக்காரி," என்றாள் அக்கா, டெக்கைத் துடைத்துக்கொண்டே. அவர்கள் வைத்த பேர். "ஞாபகம் இருக்கா? என் பாவாடையைப் பிடிச்சிட்டுக் கண்ணை இறுக்கி மூடிட்டு உட்கார்ந்திருந்தே. நான் என்ன பண்ணேன்னு உனக்குத் தெரியவே தெரியாது."

"என்ன பண்ணே?"

அக்கா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கும் உதறல்தான்டா. டிவி கிட்டப் போய், ரகசியமா, 'என்னை விட்டுடு, இவனை எடுத்துக்கோ, இவன்தான் நல்லா பயப்படுவான்'னு உன்னைக் கைகாட்டினேன். நம்ப மாட்டே, அதோட என் பயம் போச்சு. அன்னிக்கு விட்டதுதான், இன்னிக்கு வரைக்கும் எதுக்கும் பயந்ததில்ல."

அவன் சிரிக்கவில்லை.

சின்ன வயதில் ராத்திரி அவன் அலறும்போதெல்லாம் அக்காதான் எழுந்து வருவாள். தலையைத் தடவி, "ஒண்ணுமில்லடா, நான் இருக்கேன்ல" என்பாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அவன் வளர்ந்தான். என் அக்காவுக்குப் பயமே கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்திருக்கிறான். அவளுடைய பங்குப் பயத்தையும் சேர்த்துத் தானே சுமந்துகொண்டிருந்தது அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது.

"அக்கா," என்றான். "அவ வந்துட்டா."

"யாரு?"

"நீ அனுப்பினவ."

வீட்டில் ஒருவரிடமும் சொல்லாததை அவன் அங்கே சொன்னான். வெளிச்சம் இல்லாத அறை எதுவானாலும் மூலையில் அவள் நிற்பாள், தலை பின்னிக்கொண்டு. முதலில் சூடான பிளாஸ்டிக் வாசம் வரும். பிறகு சர்ரென்று அந்தச் சத்தம். முதலில் எல்லாம் முதுகு மட்டும்தான். ஆனால் அவள் சும்மா நிற்கவில்லை. வருஷத்துக்கு ஒரு நூல் அளவு திரும்பிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படிக்கும்போது காதின் விளிம்பு தெரிந்தது. கல்யாணமான புதிதில் முழுக் காது. போன மாதம் கரண்ட் போனபோது கன்னம் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம்தான் பாக்கி," என்றான். "திரும்பிட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. வீட்ல சின்னப் பிள்ளை இருக்கு."

அக்கா அவனையே பார்த்தாள். நோயாளியைப் பார்க்கிற பார்வை. "டாக்டரைப் பார்த்தியா?"

"பார்த்தேன். சினிமா அதிகம் பார்க்காதீங்கன்னார். நான் பார்த்ததே அந்த அரைப் படம்தான்."

அவன் கேட்டது ஒன்றே ஒன்று. சொன்ன வாயே திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் படம் இப்போது போனிலேயே கிடைக்கிறது. அவன் தேடிப்பிடித்து வைத்திருந்தான், பார்க்கத்தான் தைரியமில்லை. அதே அறை, அதே இடம். முதுகு வரும்போது, 'இவனை விட்டுடு, என்கிட்டயே வா' என்று அக்கா சொல்ல வேண்டும்.

"இவ்ளோதானே? உனக்கு நிம்மதின்னா ஆயிரம் தடவை சொல்றேன்டா," என்றாள் அக்கா. பிணவறைச் சாவிக்காரி.

வாண்டைப் பக்கத்து வீட்டு நாய்க்குட்டிகளைப் பார்க்க அனுப்பிவிட்டு, திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். மாட்டிய பல்புகளை அணைத்தார்கள். டிவி இருந்த மேடைமேல் போனைச் சாய்த்து வைத்தான். படம் ஓடியது. ஆளில்லாத வீடு. உள் அறை.

முதுகு வந்தது.

அவனுக்கு மறுபடி ஏழு வயதாகிவிட்டது. கண்களை இறுக்கி மூடி, இரண்டு காதுகளிலும் விரலை விட்டுக்கொண்டான். பக்கத்தில் அக்காவின் உடம்பு விறைப்பதை உணர்ந்தான். அவள் மூச்சு நின்றது. பிறகு அவள் என்னவோ சொன்னாள். காதில் விழவில்லை, தோள் அசைந்தது மட்டும் தெரிந்தது.

அவன் கண் திறந்தபோது திரையில் அவள் முழுக்கத் திரும்பிவிட்டிருந்தாள்.

அந்த முகத்தில் ஒரு முறுக்கு மீசை.

நகைச்சுவை நடிகர் ஒருவர், சவுரி முடி வைத்துக்கொண்டு, கண்ணடித்துப் பல்லைக் காட்டினார். எங்கோ வெளியே தவில் அடிப்பது போல ஒரு வேடிக்கை இசை. உள்ளே நுழைந்தவன் வழுக்கி விழுந்தான். படமே ஒரு சிரிப்புப் படம்.

அவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். ஒரு மீசைக்காரருக்குப் பயந்து ஒரு கடையே திறந்திருக்கிறான்.

"சொன்னியாக்கா?"

"ம்."

அக்கா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து போய் அத்தனை பல்பையும் ஒவ்வொன்றாகப் போட்டாள். பயம் அவளிடம் திரும்பிப் போய்விட்டது என்றுதான் நினைத்தான். கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அன்றிரவு அவன் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தான். மூலையைப் பார்த்தான். மூலையில் மூலைதான் இருந்தது. குழந்தை மாதிரி தூங்கிப்போனான்.

விடிந்தபோது அக்கா இல்லை. அவசர வேலை என்று ஒரு வரி போனில் வந்திருந்தது. மூட்டைகள் பாதி கட்டியபடி கிடந்தன. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விசிலடித்துக்கொண்டே பல்புகளைக் கழற்றி, வாண்டைக் காரில் ஏற்றி, தன் ஊருக்குக் கிளம்பினான்.

பாதி வழியில்தான் கண்ணாடியில் கவனித்தான். வாண்டின் தலை அழகாகப் பின்னியிருந்தது. ஒரு முடி பிசிறில்லாமல், இறுக்கமாக, நுனிவரை. அவள் குட்டை முடிக்கு அத்தனை நீளம் இருக்கிறதா என்ன?

"அத்தை போகும்போது பின்னி விட்டாங்களா?"

"அத்தை இல்லப்பா. அவங்க."

"எவங்க?"

"போன்ல இருந்தாங்கல்ல, அவங்க. நான் நாய்க்குட்டியைக் காட்டலாம்னு வந்தேன். நீங்க கண்ணை மூடிட்டு இருந்தீங்க. அத்தை என்னைக் கைகாட்டி, 'இதோ இவளை எடுத்துக்கோ'ன்னாங்க." வாண்டு கொஞ்சம் யோசித்தாள். "நான் என்ன நாய்க்குட்டியா, எடுத்துக்க?"

அவன் காரை ஓரம் கட்டினான். கை தானாகச் செய்தது.

"வாண்டு. அவங்க முகத்தைப் பார்த்தியா?"

"எப்படிப்பா பார்க்கிறது? நான் முன்னாடி உட்கார்ந்திருந்தேன். அவங்க பின்னாடி உட்கார்ந்து பின்னினாங்க." அப்பாவின் அறிவு அவ்வளவுதான் என்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காருக்குள் சூடான பிளாஸ்டிக் வாசம் வந்தது. வெயிலில் நின்ற கார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெயிலே இல்லை.

அக்கா போனை எடுக்கவில்லை. அவன் விடவில்லை. வீடு வந்து சேர்ந்து, விளக்குகளை எல்லாம் போட்டு, வாண்டைப் படுக்கையறையில் வரைய உட்கார வைத்து, பொழுது சாயும் நேரத்தில் மறுபடி அடித்தபோது எடுத்தாள்.

"என்னைச் சொல்லணும்னுதான்டா வாயைத் திறந்தேன்," என்றாள். "அது நின்ன நிலையைப் பார்த்ததும் முடியல. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை வந்து வாசல்ல நின்னா. வாய்ல வந்துடுச்சு. அவளும் திரும்பி ஓடிட்டா."

"அவ உன் மருமக, அக்கா."

"தெரியும்."

"திருப்பி வாங்கு. இப்பவே வா. உன்னையும் சொல்ல வேண்டாம். என்னையே மறுபடி சொல்லு, போதும்."

"என்னால அதை இன்னொரு தடவை பார்க்க முடியாதுடா." பிணவறைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே போகிறவளின் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "உனக்குத்தான் பழக்கமாச்சே. நீயே பேசிப் பாரேன்."

போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு எத்தனை முறை அடித்தும் அவள் எடுக்கவே இல்லை.

கூடத்தில் அத்தனை விளக்குகளுக்கும் நடுவில் அவன் தனியாக உட்கார்ந்து படத்தைப் போட்டான். இந்த முறை கண்ணை மூடவில்லை. ஆளில்லாத வீடு. உள் அறை. சுவரைப் பார்த்து நிற்கும் முதுகு. பின்னுகிற கை நின்றது.

திரும்புகிற இடம் வந்தது.

அவள் திரும்பவில்லை.

மீசை வரவில்லை. இசை வரவில்லை. படம் நின்றுவிட்டது என்று சொல்லவும் முடியாது. கீழே நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த முதுகு மட்டும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நின்றது.

அவன் திரைக்குக் கிட்டே குனிந்தான்.

"பிள்ளையை விட்டுடு," என்றான். "என்னையே எடுத்துக்கோ. நான்தான் நல்லா பயப்படுவேன்."

திரையில் அசைவு தெரிந்தது. உடம்பு திரும்பவில்லை. தலை மட்டும், முதுகைக் காட்டியபடியே, மெதுவாக இடப்பக்கம் போனது.

பிறகு வலப்பக்கம்.

மறுபடி இடப்பக்கம்.

கேட்டதற்கு ஒருவர் மாட்டேன் என்று சொல்வது போல.

அப்புறம் அந்த அறையில் சுவர் மட்டும் இருந்தது. முதுகு இல்லை.

சர்ரென்று சத்தம் கேட்டது, போனிலிருந்து அல்ல. அவன் எழுந்து நின்றான். படுக்கையறைப் பக்கம் திரும்பினான். படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவன் கடையிலேயே பெரிய பல்ப் எரிந்துகொண்டிருந்தது. வாண்டு யாரிடமோ மெல்லிய குரலில் பேசுவதும், பதிலுக்குக் காத்திருப்பதும், சிரிப்பதும் கேட்டது.

"அப்பா," என்று கூப்பிட்டாள்.

"என்னம்மா?"

"லைட்டை அணைங்கப்பா. அவங்களுக்குக் கண்ணு கூசுதாம்."