லூப்பில் கிடந்த லைன்

மழை நாளில் பிழையே காட்டாத லைனை ஹேமாவதி பார்த்ததில்லை. மேற்கு மலை எஸ்டேட் டெலிபோன் ஸ்டேஷனுக்குப் போகும் அந்தக் கேபிள், நாலு தூறல் விழுந்தாலே சளி பிடித்த பிள்ளையாய்க் கரகரக்கும். இன்றோ காமயகவுண்டன்பட்டி கண்ட்ரோல் ரூமின் தகரக் கூரையை மழை பிய்த்தெறிந்துகொண்டிருக்க, மோடம் சூட்டின் வாடையும் திராட்சைத் தோட்டத்து மருந்து நெடியும் ஈரக் காற்றில் கலந்து மூக்கை அடைக்க, திரையில் மட்டும் பிழை பூஜ்யம் என்று நின்றது.

காலையில் அந்த ஸ்டேஷனுக்கு மோடம் கார்டு மாற்றப் போயிருந்தது அவள் புருஷன் தங்கப்பாண்டி.

அப்போதுதான் கவனித்தாள். எதிர்முனை மோடம் லூப்பில் கிடந்தது. சோதனைக்காகப் போடுவது அது. இங்கிருந்து போவதை எதிர்முனை படிக்காது, அப்படியே திருப்பி அனுப்பும். வேலை முடிந்ததும் போட்டவரே எடுத்துவிட வேண்டும். அவர் எடுக்கவில்லை.

தேனி ஆபீசர் நல்லகண்ணுவுக்குப் போன் போட்டாள்.

"சார், ஸ்டேஷன் லூப்புல கெடக்கு. அவுக செல்லையும் எடுக்கல. ஜீப்பு அனுப்புங்க சார்."

"இங்கன லைன் பச்சையா எரியுதும்மா. அப்புறம் என்ன?"

"நம்ம அனுப்புறதுதான் சார் நமக்கே திரும்புது. அங்கன ஆளு இருக்காகளான்னு அது சொல்லாது."

"மழைக்கு எங்கயாச்சும் படுத்திருப்பான். ஒம் புருஷனுக்காக ஜீப்ப மலையேத்தணுமாக்கும்?"

வைத்துவிட்டார். பாவி மனுசன்! திரை பச்சையாக இருந்தால் பிணத்துக்கும் ஹாஜர் போடுவார்.

இங்கிருந்தே லூப்பை எடுத்தாள். எடுத்தாயிற்று என்றது திரை. கண் சிமிட்டுவதற்குள் மறுபடி லூப். மறுபடி எடுத்தாள். மறுபடி விழுந்தது. யாரோ அங்கே உட்கார்ந்து போட்டுக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது.

செல் அடித்தது. அடிவாரத்து லைன்மேன் ராக்கப்பன்.

"அக்கா... வளைவுக்கு மேல மலையே சரிஞ்சு கெடக்கு. ஸ்டேஷனக் காணோம்க்கா. கேபிளு அறுந்து நுனி என் கையில இருக்கு. ஒத்த ஆளா என்னத்தத் தோண்ட? ஜேசிபியோட ஆளுகள அனுப்பச் சொல்லுங்க."

மறுபடி தேனிக்கு அடித்து, ராக்கப்பன் சொன்னதைச் சொன்னாள்.

"அறுந்திருந்தா பச்சை எரியுமா? அவன் ஊத்திக்கிட்டு உளறுறான். வைம்மா."

திரை பச்சைதான். பிழை பூஜ்யம்தான்.

அறுந்த கேபிளில் போவதைத் திருப்பி அனுப்புவது எது?

அந்த லைனோடு சேர்ந்த சர்வீஸ் போனை எடுத்துக் காதில் வைத்தாள். இரைச்சல் இல்லை. புழுங்கிய, கனத்த அமைதி. ரிசீவரில் ஈர மண் வாடை.

"ஏங்க..."

"ஏங்க..." அவள் குரலே திரும்பியது.

"இருக்கீகளா?"

"இருக்கீகளா?"

லூப்தான். வெறும் லூப். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்டாள். இம்முறை அந்தக் குரல் அவளோடு கூடவே பேசியது. அடுத்த முறை, முந்திக்கொண்டு.

வாயை மூடினாள். உள்ளங்கையால் அழுத்தினாள்.

ரிசீவரில் குரல் நிற்கவில்லை. அவள் தொண்டைதான். அவள் வாயால் ஒருநாளும் சொல்லாத அவர் பேரைச் சொல்லி, மாரில் அடித்துக்கொண்டு, ஒப்பாரி வைத்தது.

அந்த அழுகைக்கு அடியில், வாய் நிறைய மண்ணோடு, அவர் குரல் மெதுவாக:

"அழாத ஹேமா. ஜீப்பு கெளம்பிருச்சா?"