நான் தலையாட்டியது சரியா?

மாலை வகுப்புக்கு ஆசிரியர் இன்னும் வரவில்லை. பள்ளி முடிந்து நேராக வந்த களைப்பில் எல்லோருக்கும் கண் சொருகியது. தூக்கம் கலைய 'திருடன் யார்' விளையாடினோம்.

ஆறு பேருக்கு ஆறு சீட்டு. ஒருவர் திருடன், ஒருவர் துப்பறிபவர், மற்றவர்கள் அப்பாவிகள். ஆட்டத்தை நடத்துவது நான்; யாருக்கு எந்தச் சீட்டு என்று எனக்கு மட்டும் தெரியும். எல்லோரும் கண்ணை மூடியதும் துப்பறிபவர் மட்டும் விழித்து ஒருவரைக் காட்டுவார். அவர் திருடன் என்றால் நான் தலையாட்டுவேன். பிறகு எல்லோரும் கண் திறந்து பேசி, இரண்டு வாய்ப்புக்குள் திருடனை வெளியேற்ற வேண்டும்.

அன்று ஒரு சீட்டில் புதிதாக எழுதியிருந்தேன்: 'நீ அப்பாவி. ஆனால் விசாரித்தால் திருடனாகத் தெரிவாய்.' சுவையாக இருக்கட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சீட்டு, 'நெட்டை' என்று நாங்கள் கூப்பிடும் பையனிடம் போனது. துப்பறிந்தவள் என் தங்கை. அவள் நெட்டையைக் காட்டினாள். நான் தலையாட்டினேன்.

"நெட்டைதான் திருடன். நான் விசாரிச்சேன்" என்றாள். அவனை வெளியேற்றினார்கள்.

"அவன் அப்பாவி" என்று அறிவித்தேன்.

"அப்போ இவ புளுகுறா. இவதான் திருடன்" என்றான் ஒருவன்.

"தூங்கிட்டே விசாரிச்சியா?" என்று இன்னொருவன் அவளைக் கேலி செய்தான்.

அடுத்து அவளையே வெளியேற்றினார்கள். திருடன் ஜெயித்தான். தங்கை பையின் மேல் தலை வைத்துக்கொண்டாள்.

"நான் பொய் சொல்லலைன்னு உனக்குத் தெரியும்ல, அக்கா?"

"ஆட்டத்துக்காகத்தான்டீ..."

"இனிமே நீ தலையாட்டினா நான் நம்ப மாட்டேன்."

எனக்கு என்னவோ போல் இருந்தது. எல்லோரிடமும் அந்தச் சீட்டைக் காட்டினேன்.

"இவ புளுகலை. நான்தான் தப்பா தலையாட்டினேன்."

"அதுல என்ன? ஏமாத்துறதுதானே ஆட்டம்" என்றான் நெட்டை.

"திருடன் ஏமாத்தலாம். நடத்துறவங்க ஏமாத்தலாமா?" தங்கை தலையை நிமிர்த்தவில்லை.

சீட்டைக் கிழிக்கப் போனேன். பிறகு யோசித்து, கரும்பலகையில் எழுதினேன்: 'ஒரு அப்பாவி, விசாரித்தால் திருடனாகத் தெரிவார். அது யாராகவும் இருக்கலாம்.' சரியாக எழுதினேனா என்று மூன்று முறை படித்தேன்.

தங்கையும் படித்தாள். மெதுவாக எழுந்து வந்து ஒரு சீட்டு எடுத்தாள்.

இம்முறை துப்பறிந்தவன் வேறொருவன். "மறுபடியும் நெட்டைதான். நான் விசாரிச்சேன்" என்றான்.

"பலகையைப் பாரு. அந்த அப்பாவி இவனா இருந்தா?" என்று தங்கை வாதாடினாள். எல்லோரும் அவள் பக்கம் சாய்ந்தார்கள். வேறு இருவரை வெளியேற்றினார்கள்.

நெட்டை சிரித்தபடி சீட்டைத் திருப்பினான். திருடன்.

நான் பயந்துகொண்டே தங்கையைப் பார்த்தேன்.

"ச்சே, இந்தத் தடவை நானேதான் ஏமாந்தேன்" என்றாள். "இன்னொரு ஆட்டம், அக்கா."

ஒரு கொட்டாவி விட்டுவிட்டுச் சீட்டுகளைக் குலுக்கினேன்.